அந்தப் படம் யாரிடம் இருக்கிறது?

1

1794 அக்டோபர் மாதத்து 'ஜென்டில்மேன்ஸ் மாகஸின்' என்ற லண்டன் பத்திரிகையில் ஒரு மனிதரின் படம் வந்தது. பெயர் கவாஸ்ஜி. ஆங்கிலப் பட்டாளத்துக்கு மாடு ஓட்டியவர். 1792 யுத்தத்தில் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்துவிட்டு, பூனாவுக்கு அருகில் செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்த ஒருவரிடம் புது மூக்கு வைத்துக்கொண்டார். மெழுகில் மூக்கின் அளவு ஒன்று செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்து, அந்தத் தோலைப் புருவ மத்தியில் ஒட்டு விடாமல் கீழே திருப்பி, காசுக்கட்டியைக் குழைத்து ஒட்டுகிற முறை. ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியை வரைந்தார். படம் லண்டன் போயிற்று. 20 வருஷம் கழித்து, 1814ல், கார்ப்யூ என்ற ஸர்ஜன் அதே முறையை லண்டனில் செய்து பார்த்து 1816ல் புஸ்தகம் போட்டார். நவீன பிளாஸ்டிக் ஸர்ஜரியின் சரித்திரத்தை எழுதுகிற யாரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவதில்லை.

கவாஸ்ஜி மூக்கிழந்த அதே யுத்தத்தின் முடிவில்தான், 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலமும் பாரமகாலும் கம்பெனியார் கைக்கு வந்தன. மேச்சேரியில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு அந்த முகம் அவ்வளவு தூரத்து முகமாக இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, மூக்கறுத்தல் நம் பக்கத்துச் சரித்திரத்தில் ஏற்கனவே உண்டு. 1656ஐ ஒட்டி மைசூர்ப் படைக்கும் திருமலை நாயக்கருக்கும் நடந்த சண்டைக்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். கொல்லாமல் மூக்கை அறுத்து அனுப்புவதன் அர்த்தம் வெளிப்படையானது. அறுபட்டவனின் முகத்தையே ஒரு நோட்டீஸாக ஆக்கிவிடுவது. அவன் போகிற இடமெல்லாம் அது ஒட்டப்படுகிறது. படிக்கத் தெரியாதவர்களும் படித்துவிடுகிறார்கள்.

பூனாக்காரர் செய்தது அந்த நோட்டீஸைக் கிழித்தது. லண்டன் பத்திரிகை செய்தது அதை மறுபடி அச்சடித்தது. இரண்டும் ஒரே மனிதரின் முகத்தின் மேல் நடந்தன. கவாஸ்ஜியின் பெயர், தொழில், அறுபட்டது இன்னின்ன என்ற விவரம் எல்லாம் அச்சாகியிருக்கின்றன. மூக்கு வைத்தவரின் பெயர் இல்லை. கவாஸ்ஜி சம்மதித்தாரா என்பது கேட்கப்படக்கூடிய கேள்வி என்றே அன்று யாருக்கும் தோன்றவில்லை.

230 வருஷம் ஆன பிறகும் பிளாஸ்டிக் ஸர்ஜரி இந்த இரட்டைக் காரியத்திலிருந்து விடுபடவில்லை. விடுபடவும் முடியாது என்றே நினைக்கிறேன். பித்தப்பையை எடுக்கிற டாக்டர் அதைப் படம் எடுத்துவைத்தால் அது யாருடைய பித்தப்பை என்று எந்தச் சொந்தக்காரராலும் சொல்ல முடியாது. முகத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த வசதி இல்லை. முகத்தின் தழும்பை அழிப்பதற்கு முதல் காரியமாக அவர் தழும்பைப் பதிவு செய்தாக வேண்டும். எங்கே வெட்டுவது என்று திட்டமிட, ஆறு மாதம் கழித்து ஒப்பிட, மாணவர்களுக்குக் காட்ட, கோர்ட்டு கேட்டால் கொடுக்க எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். வார்த்தையில் எழுதி வைக்கிற வர்ணனை போதாது. இதை விமர்சகர்களாகிய நாமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தை எடுப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நேர்முகம், இரண்டு பக்கவாட்டு முகங்கள், இரண்டு முக்கால் முகங்கள், மூக்குக்கென்றால் கீழிருந்து மேலாக ஒன்று. காதுத் துளையின் மேல்விளிம்பும் கண்குழியின் கீழ்விளிம்பும் தரைக்கு இணையான ஒரே கோட்டில் நிற்கும்படி தலை இருக்க வேண்டும். முகத்தை அகலப்படுத்திக் காட்டாத, 100 மில்லிமீட்டரை ஒட்டிய லென்ஸ். பின்னால் ஒரே நிறத்தில் ஒரு துணி. நகை, பொட்டு, மேக்கப் எல்லாம் களைந்து, தலைமுடி பின்னுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் எந்தத் தூரமோ, எந்த வெளிச்சமோ, பின்னாலும் அதே தூரம், அதே வெளிச்சம். வெளிச்சத்தை மாற்றினாலே தழும்பைப் பாதி மறைத்துவிடலாம். அதனால்தான் இந்தக் கறார். ஸ்டூடியோக்காரர் முகத்தில் தேடுகிற எதையும் இந்தக் கேமரா தேடுவதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுகிற எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதை எடுக்கிறது. கழித்த பிறகும் அந்த ஆள் அதில் இருந்துகொண்டே இருக்கிறார் என்பதுதான் பிரச்னை.

2

முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக 1917ல் லண்டனுக்குப் பக்கத்தில் சிட்கப் என்ற இடத்தில் ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். ஹெரால்டு கில்லீஸ் அதன் தலைமை ஸர்ஜன். 5,000க்கு மேற்பட்டவர்களுக்கு 11,000க்கு மேற்பட்ட ஆபரேஷன்கள். ஒவ்வொருவருக்கும் போட்டோ, கூடவே வரைபடம். ஹென்றி டாங்க்ஸ் என்ற, முன்னாள் ஸர்ஜனான ஓவியர், கில்லீஸின் நோயாளிகளை வண்ணக்கட்டியில் வரைந்தார். அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில் அவருக்கே சம்மதம் இருக்கவில்லை. வார்டுகளில் கண்ணாடி வைக்க அனுமதியில்லை. அதாவது அந்தச் சிப்பாயின் முகத்தை டாக்டர் பார்க்கலாம், நர்ஸ் பார்க்கலாம், ஓவியர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம், அவன் பார்க்கக்கூடாது. கருணையால் செய்த ஏற்பாடுதான். ஆனால் ஏற்பாட்டின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும்.

90 வருஷம் கழித்து, 2007ல் வெளியான 'பயோஷாக்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில், சுட்டுத் தள்ளப்பட வேண்டிய விகார மனிதர்கள் சிலரின் முகங்களுக்கு இந்தச் சிப்பாய்களின் படங்கள் மாதிரியாக உபயோகிக்கப்பட்டன. யுத்தத்தில் சுடப்பட்டவர்கள் விளையாட்டிலும் சுடப்படுகிறார்கள். படத்தை எடுத்தவர்களின் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், படம் அந்த நோக்கத்தோடு நின்றுவிடுவதில்லை.

நமக்கு அருகே வேலூர் இருக்கிறது. 1946ல் அங்கே வந்த பால் பிராண்ட், குஷ்டரோகத்தில் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். அது உலகத்துக்குத் தெரிந்த விஷயம். விரலோடு விஷயம் முடியவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படாதது. கை சரியான பிறகும் உட்கார்ந்துபோன மூக்கும் புருவம் இல்லாத நெற்றியும் இருந்தால் ஊரில் யாரும் வேலை கொடுப்பதில்லை. ஆகவே மூக்கைத் தூக்கி நிறுத்தவும், தலைத்தோலிலிருந்து எடுத்துப் புருவம் வைக்கவும் வேண்டியிருந்தது. நோயைக் குணப்படுத்தியது மருந்து. ஊரைக் குணப்படுத்த முடியாததால் முகத்தை மாற்றினார்கள். பிச்சையெடுக்கும் குஷ்டரோகிகளைப் பிடித்து அடைக்க வழி செய்த 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016ல்தான் ரத்தாயிற்று என்பதையும் சேர்த்து யோசித்தால், புருவம் வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய ஒருவருக்கு, புருவம் இல்லாத தன் படம் ஏதோ ஓர் அலமாரியில் இருப்பது என்ன அர்த்தம் தரும் என்பது விளங்கும். அவர் தப்பித்து வந்த இடத்தின் ஒரே சாட்சி அது.

3

என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, ஸ்டவ் வெடித்துத் தீக்காயம்பட்டாள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சமயம். உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்தது. காயம் ஆறின பிறகு கழுத்துத் தோல் சுருங்கி, தாடையை மார்போடு இழுத்துக்கொண்டது. தலையை நிமிர்த்த முடியாது. சோற்றை அண்ணாந்து விழுங்க முடியாது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் வைத்தார்கள். நல்ல வேலை. இன்று அவள் நிமிர்ந்து நடக்கிறாள். அந்த டாக்டரைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேசுவார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் பச்சைத் துணிக்கு எதிரே நிறுத்திப் படம் எடுத்தார்கள். டாக்டரின் சொந்தக் கேமரா. பாரத்தில் கையெழுத்துப் போட்டது மாமா. ஆபரேஷனுக்கான சம்மதமும் படத்துக்கான சம்மதமும் அதே ஒரு கையெழுத்தில் அடக்கம். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். உதடு சரியாக அசைகிறதா என்று பார்க்கச் சிரிக்கச் சொன்னார்களாம். சிரித்திருக்கிறாள்.

பத்து வருஷம் போயிற்று. எங்கள் தெருப்பெண் ஒருத்தி வெளியூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். லீவில் வந்தவள் அக்காவிடம் சந்தோஷமாகவே சொன்னாள்: "அக்கா, உங்க படத்தை எங்க கிளாஸ்ல போட்டுக் காட்டுனாங்க." கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டிருந்ததாம். ஆனால் சிரிப்பில் தெற்றுப்பல் தெரிந்திருக்கிறது. மேச்சேரியில் அக்காவின் தெற்றுப்பல்லைத் தெரியாதவர்கள் குறைவு.

கண்ணை மறைத்தால் ஆள் மறைந்துவிடும் என்பது ஒரு மூடநம்பிக்கை. மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்களின் சர்வதேசக் கமிட்டியே, கண்ணை மட்டும் மறைப்பது போதாது என்று தன் விதிகளில் எழுதியிருக்கிறது. நாம் ஒருவரைக் கண்ணால் அடையாளம் காண்கிறோம் என்றால் அதற்கு அர்த்தம் நம் கண்ணால் என்பதுதான். அவருடைய கண்ணால் அல்ல.

நான் அக்கா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டது ஒன்றுதான்: "முந்தி எடுத்த படத்துல நான் எப்படிடி இருந்தேன்?"

அவள் பார்த்ததில்லை. வார்டில் கண்ணாடி கிடையாது. வீட்டில் பீரோக் கண்ணாடிக்கு மேல் பெரியம்மா பழைய புடவையைக் கட்டிவிட்டிருந்தாள். தன் ஆயுளில் ஒன்றரை வருஷம் தன் முகம் என்னவாக இருந்தது என்று அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியாது. அப்புறம் என்னிடம் கேட்டாள்: "அந்தப் படம் யார்கிட்டத் தம்பி இருக்குது? ஒரு தடவ பாக்கணும்."

2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதே விதிகள் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்வது மூன்று வருஷத்துக்கு மட்டும். அந்த வருஷத்துக் கட்டுகள் இப்போது இல்லை என்று பதில் வந்தது. சட்டப்படி சரியான பதில். ஆஸ்பத்திரியின் ஆவணத்தில் படம் இல்லை. எங்கோ ஒரு வகுப்பறையின் ஸ்லைடில் இருக்கிறது. அதிலிருந்து எத்தனை பென்டிரைவுக்குப் போயிற்று என்பதற்குக் கணக்கு இல்லை.

அக்கா பதிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப எல்லாருகிட்டயும் இருக்குது, நம்மகிட்ட மட்டும் இல்ல" என்றாள்.

4

நான் பாங்கில் கிளார்க். பிறர் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது என்றால் என்ன என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பழக்கம் உண்டு. கைநாட்டு வைக்கிறவர்களின் பாஸ்புக்கில் போட்டோ ஒட்டி, ஆளும் படமும் ஒன்றுதானா என்று பார்த்துப் பணம் கொடுக்கிறோம். ஆட்டுக்கடன் என்றால் காதில் வில்லை மாட்டிய ஆட்டையும் அதன் சொந்தக்காரரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுக்கிறோம். மேச்சேரி ஆட்டின் தோலுக்கு நல்ல பெயர் உண்டு. சந்தையில் அதைத் தடவிப் பார்த்து விலை சொல்கிறவர்களின் விரல்களை நான் பார்த்திருக்கிறேன். தோல் என்பது இந்த ஊரில் எப்போதும் யாரோ ஒருவர் பார்த்து மதிப்பிடுகிற வஸ்து.

பாதுகாப்பு என்ற சொல்லை எல்லோரும் ஒரு அர்த்தத்தில்தான் உபயோகிக்கிறார்கள்: அன்னியர் கையில் போகாமல் வைப்பது. அது தேவையற்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2017ல் லிதுவேனியா நாட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸர்ஜரி கிளினிக்கிலிருந்து திருடிய 25,000க்கு மேற்பட்ட அந்தரங்கப் படங்களை இணையத்தில் கொட்டினார்கள். கொட்டுவதற்கு முன் நோயாளிகளுக்கே எழுதிப் பணம் கேட்டார்கள். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டுப் பல நாட்கள் கையால் எழுதி வேலை பார்த்தார்கள். இவை பெரிய திருட்டுகள். சின்னக் கசிவுகள்தான் அதிகம். டாக்டர் தன் ஸெல்போனில் எடுக்கிறார். போன் தன்னிச்சையாக அதை எங்கோ உள்ள ஸர்வருக்கு அனுப்பிவிடுகிறது. எடுத்த இடமும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகிக் கூடப் போகின்றன. வீட்டில் குழந்தை பிறந்தநாள் படங்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு வெந்த முகம் வருகிறது.

இதற்குச் செய்ய வேண்டியவை தெரியாதவை அல்ல. ஆஸ்பத்திரிக்கென்று தனிக் கேமரா. பெயருக்குப் பதில் எண். எடுத்த அன்றே பூட்டும் சங்கேதமும் உள்ள இடத்துக்கு மாற்றி, கேமராவிலிருந்து அழித்தல். யார் எப்போது திறந்தார் என்ற பதிவு. சிகிச்சைக்கு ஒரு சம்மதம், பாடத்துக்கு ஒன்று, அச்சிடுவதற்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேட்டல். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்று வாய்விட்டுச் சொல்லுதல். குழந்தையாக இருந்தபோது பெற்றோர் கொடுத்த சம்மதத்தை, வளர்ந்த பிறகு அந்த ஆளிடமே மறுபடி கேட்டல். 2002 விதிகளில், அடையாளம் தெரியாதென்றால் பிரசுரிக்கச் சம்மதமே வேண்டாம் என்று ஒரு வாசகம் இருக்கிறது. தெரியுமா தெரியாதா என்று தீர்மானிக்கிறவர் யார்? தெற்றுப்பல்லை அறியாத ஒருவர்.

ஆனால் இத்தனையும் செய்துவிட்டாலும் அக்காவின் கேள்விக்குப் பதில் ஆகாது. அவள் கேட்டது யார் பார்த்தார்கள் என்பதல்ல. தான் ஏன் பார்க்கவில்லை என்பது. பாதுகாப்பு முறைகள் எல்லாம் முதலில் யாரை வெளியே நிறுத்துகின்றன என்று பார்த்தால், படத்துக்குரிய ஆளைத்தான்.

பாங்கு லாக்கரில் இரண்டு சாவி. ஒன்று பாங்கிடம், ஒன்று வாடிக்கையாளரிடம். இரண்டும் சேராமல் திறக்காது. பாங்கு உள்ளே இருப்பது என்ன என்று கேட்பதில்லை. வாடிக்கையாளர் பாங்குக்குத் தெரியாமல் வருவதில்லை. எங்கள் தொழிலில் நான் மரியாதை வைத்திருக்கும் மிகச் சில ஏற்பாடுகளில் இது ஒன்று. நோயாளியின் படத்துக்கு இப்போது இருப்பது ஒரு சாவி. அதை வைத்திருப்பவர் நல்லவராக இருக்கலாம். 2023ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் வெளியிட்ட அதன் விதிகளோடு, தன்னைப் பற்றிய தகவலைக் கேட்கவும் திருத்தவும் அழிக்கச் சொல்லவும் உரிமை என்கிறது. இரண்டாவது சாவியைப் பற்றிய ஒரு பேச்சாக அதை எடுத்துக்கொள்ளலாம். பூட்டில் அது பொருந்துகிறதா என்பது இனித்தான் தெரியும்.

5

இதை ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு எழுதாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நாமும் முன்படம் எடுக்கிறவர்கள். வறுமை, பைத்தியம், ஜாதியின் அடி, தீயில் வெந்த பெண் — இவற்றை நம் கதைகளும் கவிதைகளும் வெளிச்சம் மாறாமல், பொட்டும் நகையும் களைந்து, ஒரே நிறத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுக்கின்றன. இதை நாம் நிதர்சனம் என்றும் ஈரமற்ற பார்வை என்றும் பாராட்டி மதிப்புரை எழுதியிருக்கிறோம். பெயரை மாற்றிவிட்டோம் என்கிறோம். அது நம் கறுப்புப் பட்டை. எழுதப்பட்டவர் படிக்கமாட்டார் என்ற நிச்சயம்தான் நம்முடைய பூட்டு. 200 பிரதி அடிக்கிற பத்திரிகையில் அந்த நிச்சயம் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

எழுதாமல் இருந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. படம் எடுக்காத ஸர்ஜன் அடுத்த நோயாளிக்குத் துரோகம் செய்கிறார். அக்காவின் கழுத்து நிமிர்ந்ததற்குக் காரணம் அவளுக்கு முன்னால் வந்த யார் யாருடைய கழுத்துகளோ எங்கெங்கோ ஸ்லைடாக ஓடியதுதான். அவள் படமும் இன்னொருத்திக்கு உதவியிருக்கும். இதை நான் சொன்னபோது, "உதவட்டும், எனக்கென்ன. என்கிட்டக் காட்டிட்டு எடுத்துட்டுப் போகலாமில்ல" என்றாள். கலைக் கொள்கை என்று நான் படித்த எதிலும் இவ்வளவு நேரான வாக்கியத்தைச் சந்தித்த ஞாபகம் இல்லை.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கவாஸ்ஜி பகுதியில் கொஞ்சம் தூங்கிவிட்டாள். தன் பகுதி வந்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். பல் இருக்கட்டும் என்றாள். வேறொரு வரியை எடுக்கச் சொன்னாள். எழுத்து என்ற அளவில் அதுதான் நன்றாக வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.